கருவுற்ற தாய்க்கும் கைக்குழந்தைக்கும் புரோபயாடிக்: வாங்கும் முன் பார்க்கவேண்டியவை

என் பிறந்த வீடு கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறை; புகுந்த வீடு தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி. முதல் ஏழு மாதம் பொள்ளாச்சியில் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். கர்ப்பிணியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் சடங்கான கட்டுச்சோறு விருந்து முடிந்ததும் கோபாலபுரம் வழியாக அம்மா வீட்டுக்கு வந்து, அதன்பின் பாலக்காட்டில் வேறொருவரிடம் காட்டினேன். இரண்டு இடத்திலும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். பெட்டியின் நிறம் வேறு, பெயர் வேறு, விலை வேறு. இருபது நாள் இரண்டையும் தவறாமல் கரைத்துக் குடித்த பிறகு, ஒருநாள் மதியம் பொழுது போகாமல் இரு பெட்டிகளின் பின்புறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்றில் லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் என்றும் மற்றதில் லாக்டிகேசிபாசில்லஸ் ராம்னோசஸ் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நுண்ணுயிர். 2020-இல் அந்தப் பேரினத்தைப் பல கிளைகளாகப் பிரித்துப் புதுப் பெயர்கள் வைத்ததால், பழைய பெயரிலும் புதிய பெயரிலும் பெட்டிகள் கடைகளில் கிடக்கின்றன.

எனக்குக் கேடு எதுவும் வரவில்லை; பணம்தான் போயிற்று. ஆனாலும் அன்றுமுதல் ஒவ்வொரு பெட்டியையும் சீட்டையும் படிக்கத் தொடங்கினேன். செங்கோட்டையிலோ கம்பத்திலோ களியக்காவிளையிலோ இருந்துகொண்டு, ஒரு மாநிலத்தில் பரிசோதனையும் மறு மாநிலத்தில் பேறுகாலமுமாக அலையும் பெண்களுக்கு இந்தக் குறிப்புகள் உதவக்கூடும். இவை மருத்துவரின் இடத்தைப் பிடிக்க எழுதியவை அல்ல. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள எழுதியவை.

1. எதற்காக என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்

போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாடிக் என்று உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 2001-இல் வரையறுத்தது. இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: எந்த நன்மை என்பது நுண்ணுயிரின் வகைக்கு வகை மாறும். குழந்தையின் அழுகைக்கு ஆராய்ந்த வகையைத் தாயின் மலச்சிக்கலுக்குக் குடித்துப் பயனில்லை. ஆகவே “வயிற்றுக்கு நல்லது” என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாமல், எந்தத் தொல்லைக்கு, எத்தனை நாளைக்கு என்ற இரண்டையும் சீட்டில் குறித்துத் தரும்படி கேளுங்கள். என் முதல் சீட்டில் நாள் கணக்கே இல்லை. கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் வாங்கியதற்கு அதுவே காரணம்.

கர்ப்ப காலத்தில் நம் பக்கத்தில் இதை எழுதுவது பெரும்பாலும் மலச்சிக்கலுக்காகத்தான். அந்த மலச்சிக்கலுக்கு, நாம் நாள்தோறும் விழுங்கும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒரு காரணம். அரசுத் திட்டத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் கர்ப்பத்தில் 180 நாளும், பேறுகாலத்துக்குப் பின் மேலும் 180 நாளும் சாப்பிடச் சொல்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாஷே, அதாவது புரோபயாடிக் தூள் பொட்டலத்தைக் கரைத்துக் குடிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. மாத்திரை சாப்பிடும் நேரத்தை மாற்றலாமா, வேறு வகை இரும்பு உப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். தண்ணீரையும் கீரையையும் கூட்டுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் புரோபயாடிக்கைப் பற்றிப் பேசலாம்.

கர்ப்ப காலச் சர்க்கரை நோய் வராமல் தடுக்கும் என்று சொல்லிக் கொடுத்தால் சற்று நிறுத்தி நிதானமாகப் பேசவேண்டும். அதுவரை நடந்திருந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுரை ஒன்று 2021-இல் வெளிவந்தது. புரோபயாடிக் சர்க்கரை நோயைத் தடுக்கிறது என்பதற்கு அதில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. மாறாக, எடுத்துக்கொண்ட பெண்களிடம் முன்சூல்வலிப்பு, அதாவது கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் நிலை, சற்று மிகுதியாகத் தெரிந்தது. உங்களுக்கு முன்பே இரத்த அழுத்தம் இருந்தாலோ, முந்தைய பேற்றில் இந்தத் தொல்லை வந்திருந்தாலோ, அதைச் சொல்லாமல் எந்தப் புரோபயாடிக்கையும் தொடங்காதீர்கள். தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், மேல்வயிற்று வலி, 140-க்கு 90-ஐத் தொட்ட இரத்த அழுத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்பதை அறிய 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்கும் சோதனை போதும். முடிவு 140 மில்லிகிராமைத் தொட்டால் உணவுக் கட்டுப்பாடும் மருத்துவமும் வேண்டும், சாஷே அதற்கு மாற்றாகாது.

ஒவ்வாமை பற்றியும் ஒரு சொல். தாய்க்கோ தந்தைக்கோ மூத்த குழந்தைக்கோ கரப்பான் என்னும் தோல் அழற்சி, ஆஸ்துமா போன்றவை இருந்தால், பிறக்கப்போகும் குழந்தைக்குக் கரப்பான் வருவதைக் குறைக்கக் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் புரோபயாடிக் எடுத்துப் பார்க்கலாம் என்று உலக ஒவ்வாமை அமைப்பு 2015-இல் கூறியது. ஆனால் சான்றின் தரம் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே கூறியது. குடும்பத்தில் ஒவ்வாமையே இல்லாதவர்கள் இதற்காகச் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

2. இரு மாநிலச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வையுங்கள்

கொண்டுபோக வேண்டியவை இவை: தாய் சேய் பாதுகாப்பு அட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண், இரத்தச் சோதனை முடிவுகள், ஸ்கேன் அறிக்கைகள், பழைய சீட்டுகள். பதிவு எண்ணைத் தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே கேட்பார்கள் என்பதால், அதைத் தனித்தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை தமிழ்நாட்டில் தமிழிலும் கேரளத்தில் மலையாளத்திலும் இருக்கும். கிராம சுகாதாரச் செவிலியர் தமிழில் எழுதிய குறிப்பைப் பாலக்காட்டு மருத்துவர் எல்லோரும் படித்துவிடுவார் என்று நம்ப முடியாது.

கோப்பில் பலரும் வைக்க மறப்பது மருந்துப் பெட்டி. சாஷேயோ மாத்திரையோ தீர்ந்தாலும் பெட்டியை எறியாமல் மடித்துக் கோப்பில் செருகுங்கள். வணிகப் பெயரைச் சொன்னால் அடுத்த ஊர் மருத்துவருக்கு அது தெரியாமல் போகலாம். பின்புறத்து நுண்ணுயிரின் பெயர் எங்கே போனாலும் ஒன்றுதான். நான் பெட்டியைக் கொண்டுபோயிருந்தால் இரண்டாவது சீட்டு எழுதியிருக்கவே மாட்டார்கள்.

3. பெட்டியின் பின்புறத்தைப் படிக்கும் முறை

முதலில் பெயர். முழுப் பெயருக்கு மூன்று பகுதிகள் உண்டு: பேரினம், சிற்றினம், அதன்பின் எழுத்தோ எண்ணோ வரும் வகைக் குறியீடு. லாக்டோபாசில்லஸ் ரியூட்டரி டி.எஸ்.எம். 17938 என்றால் அது முழுப் பெயர். வெறும் “லாக்டிக் ஆசிட் பாசில்லஸ்” என்று மட்டும் இருந்தால் அதன்மேல் நடந்த ஆய்வு எது என்று யாரும் சொல்ல முடியாது. அத்தகைய பெட்டியை நான் இப்போது வாங்குவதில்லை.

அடுத்து எண்ணிக்கை. உயிருள்ள நுண்ணுயிர்களை எண்ணும் சி.எஃப்.யூ. என்ற அளவில் பில்லியன் கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு பில்லியன் என்பது நம் கணக்கில் 100 கோடி. உணவாக விற்கும் புரோபயாடிக்கில் நாளொன்றுக்கான அளவில் 10 கோடிக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பொது விதி. எண்ணிக்கை கூடினால் குணம் கூடும் என்று எண்ணி ஏமாறாதீர்கள். எந்த வகை எந்த அளவில் ஆராயப்பட்டதோ அந்த அளவே கணக்கு.

மூன்றாவது உரிம எண். 14 இலக்க உணவு உரிம எண் இருந்தால் அது உணவு வகை. மருந்து உற்பத்தி உரிம எண் இருந்தால் அது மருந்து. உணவு உரிமத்தோடு வரும் பெட்டி நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லவே கூடாது. சொல்லியிருந்தால் அதுவே சந்தேகப்படப் போதுமான காரணம்.

கடைசியாகக் காலாவதித் தேதியும் வைக்கும் வெப்பநிலையும். இதில்தான் நான் இரண்டாம் முறை ஏமாந்தேன்.

4. செலவும் வெயிலும்

சாஷே ஒன்று எனக்கு 20 முதல் 35 ரூபாய் வரை ஆனது. நாளைக்கு இரண்டு என்று ஒரு மாதம் குடித்தால் 1,200 ரூபாயைத் தாண்டிவிடும். குழந்தைக்கான சொட்டு மருந்துக் குப்பி சிறியதுதான், ஆனால் 5 மில்லிலிட்டருக்கே சில நூறு ரூபாய். ஐந்து நாளைக்கு மேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள். ஒத்துவராவிட்டால் திறந்த பெட்டியைக் கடை திரும்ப எடுக்காது. ரசீது கட்டாயம் கேளுங்கள்.

இரண்டு முதல் எட்டு டிகிரியில் வைக்கவேண்டிய சாஷேக்களைச் சித்திரை மாதத்து மதியத்தில் பொள்ளாச்சியில் வாங்கி, கைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் கொழிஞ்சாம்பாறை வந்து சேர்ந்தேன். இறங்கும்போது பை தொட முடியாத சூடு. அம்மா அதை அக்கறையோடு கொதிக்கும் கஞ்சியில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தார். அன்றைக்கு நான் குடித்தது செத்த நுண்ணுயிர்க் கஞ்சி. குளிரில் வைக்கவேண்டியதை வீட்டுக்கு அருகில் உள்ள மெடிக்கலில், அது ஃபிரிட்ஜிலிருந்துதான் எடுத்துத் தருகிறார்களா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஆறிய தண்ணீரிலோ மோரிலோதான் கலக்கவேண்டும். உறங்கும் விதை (ஸ்போர்) வடிவில் வரும் பாசில்லஸ் கிளாசி போன்ற நுண்ணுயிர்கள் சாதாரண வெப்பத்தைத் தாங்கும். அவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் பாக்டீரியா வகைப் புரோபயாடிக்கை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆன்டிபயாடிக் அதைக் கொன்றுவிடும்.

இனிப்புக் குடுவையில் வரும் பால் பானங்களைப் பற்றியும் கேட்பீர்கள். யாகுல்ட் குப்பி ஒன்று 65 மில்லிலிட்டர். 650 கோடி நுண்ணுயிர்கள் என்று பொறித்திருக்கிறது. வகையின் பெயரும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதில் சர்க்கரை உண்டு. குளுக்கோஸ் சோதனையில் எண் கூடியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

5. வீட்டுத் தயிர் போதாதா?

பல வீடுகளில் இதுவே முதல் கேள்வி, என் அத்தையும் இதைத்தான் கேட்டார். தயிரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் ஏராளம். எந்த வகை, எத்தனை என்று தெரியாது என்பதால் அறிவியல் அதைப் புரோபயாடிக் என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான். உடம்புக்கு ஒரு குறிப்பிட்ட தொல்லையும் இல்லாமல், “நல்ல கிருமி” வேண்டும் என்பதற்காக மட்டும் சாஷே வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் பால் வாங்கித் தயிர் உறைய வைக்கலாம். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் கூடவே கிடைக்கும்.

ஒரு நிபந்தனை. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு மாடு உண்டு. கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பதும் உறைய வைப்பதும் இன்னும் இருக்கிறது. கர்ப்பிணி அதைத் தொடக்கூடாது. காய்ச்சாத பாலில் புரூசெல்லா, லிஸ்டீரியா போன்ற நோய்க்கிருமிகள் வரலாம், லிஸ்டீரியா கருவையே தாக்கும். பாலைப் பொங்கக் காய்ச்சி, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறியபின் உறை ஊற்றுங்கள். இட்லி, தோசை மாவு புளிப்பதும் நுண்ணுயிர்களால்தான், ஆனால் வெந்ததும் அவை செத்துவிடும். இட்லியைச் செரிமானத்துக்காகச் சாப்பிடுங்கள், புரோபயாடிக்குக்காக அல்ல.

6. குழந்தை பிறந்த முதல் நாட்கள்

சேனை வைப்பது என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டு வைக்கும் வழக்கத்தை எப்படியாவது தடுத்துவிடுங்கள். ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. அதில் வரக்கூடிய பொட்டுலிசம் கைக்குழந்தையின் நரம்புகளைத் தளரச் செய்துவிடும். என் பாட்டியிடம் இதை வாதாடி வெல்ல முடியாது என்பதால், செவிலியரையே சொல்ல வைத்தேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கவேண்டும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. அவை குழந்தைக்கானவை அல்ல, அதன் குடலில் வளரும் பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல நுண்ணுயிருக்கான தீனி. நல்லபடியாகத் தாய்ப்பால் குடிக்கும், நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தனியாகப் புரோபயாடிக் வாங்கவேண்டிய தேவை வழக்கத்தில் இல்லை.

குறைமாதக் குழந்தையின் கதை வேறு. 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் தரலாமா என்று பரிசீலிக்கலாம் என உலக சுகாதார அமைப்பு 2022-இல் சொன்னது. அதற்கடுத்த ஆண்டே, மருத்துவமனையில் இருந்த குறைமாதக் குழந்தை ஒன்று புரோபயாடிக்கில் இருந்த நுண்ணுயிரே இரத்தத்தில் பரவி இறந்ததையடுத்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. ஆகவே இது பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர் மட்டுமே எடுக்கவேண்டிய முடிவு. வெளியே வாங்கி யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். ஒடிசாவின் கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரத்தின் ஒரு குறிப்பிட்ட வகையை ஏழு நாள் கொடுத்ததில் கிருமித் தொற்றும் இறப்பும் பெருமளவு குறைந்ததாக 2017-இல் வெளிவந்த ஆய்வை யாரேனும் உங்களிடம் காட்டக்கூடும். அது உண்மையான, பெரிய ஆய்வு. ஆனால் அது நிறைமாதமோ அதற்கு நெருக்கமாகவோ பிறந்த, 2 கிலோவுக்குக் குறையாத குழந்தைகளுக்கு, அந்த ஒரே வகையைக் கொண்டு நடந்தது. அந்தப் பெயரைச் சொல்லி வேறெதையோ விற்பவரிடம் ஏமாறவேண்டாம்.

7. விடாமல் அழும் குழந்தை

நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேலாக, வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், காரணம் தெரியாமல் அழும் குழந்தைக்குக் கோலிக் என்கிறார்கள். ஆறாவது வார வாக்கில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் ரியூட்டரி டி.எஸ்.எம். 17938 வகைச் சொட்டு, நாளைக்கு ஐந்து சொட்டு, அதாவது 10 கோடி, அழுகையைக் குறைப்பதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளில் அப்படித் தெரியவில்லை. அதுகூட மாயம் செய்யாது. என் மகனுக்கு இரண்டு வாரம் கொடுத்தோம், அழுகை குறைந்தது. சொட்டினால் குறைந்ததா, வயது ஏறியதால் குறைந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சொட்டு வாங்கும் முன் சிறுநீரை எண்ணுங்கள். முதல் வாரம் கடந்தபின் நாளைக்கு ஆறு தடவையாவது துணி நனைந்தால் பால் போதுகிறது என்று பொருள். நனையாவிட்டால் அழுகை பசிக்காக இருக்கலாம். அதற்குப் பாலூட்டும் முறையைப் பார்க்கத் தெரிந்த செவிலியர்தான் தேவை.

8. வயிற்றுப்போக்கு வந்தால் வரிசையை மாற்றாதீர்கள்

மெடிக்கலுக்குப் போய் “பாப்பாவுக்குப் பேதி” என்றவுடன் கையில் வருவது சிறு பிளாஸ்டிக் குப்பியில் உள்ள பாசில்லஸ் கிளாசி. ஐந்து மில்லிலிட்டர், 200 கோடி விதைகள். அது தப்பான பொருள் அல்ல, ஆனால் அது மூன்றாம் இடத்தில் வரவேண்டியது. 2018-இல் வட அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் ராம்னோசஸ் வகைகள் பேதியைக் குறைக்கவில்லை.

முதல் இடம் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு. ஒரு லிட்டர் பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கொட்டக்கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போனபின்பும் 50 முதல் 100 மில்லிலிட்டர், கரண்டியால் சிறிது சிறிதாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆஷா ஊழியரிடமோ அங்கன்வாடியிலோ குடும்ப ஆரோக்கிய மையத்திலோ பொட்டலம் இலவசமாகக் கிடைக்கும். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவை இனிப்புப் பானங்களை அந்தப் பெயரில் வாங்கி ஏமாந்தவர்கள் பலர். உலக சுகாதார அமைப்பின் கலவை இல்லாத பானங்கள் அந்தச் சொல்லைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய சரக்கு கண்ணில் பட்டால் விலகுங்கள்.

இரண்டாம் இடம் துத்தநாக மருந்துக்கு: ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றாலும் 14 நாள் முடிக்கவேண்டும் என்பதையே எல்லோரும் மறக்கிறார்கள். அதன்பின், மருத்துவர் சொன்னால், புரோபயாடிக். இரத்தம் கலந்து போனால், கண் குழிந்தால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டால், எதையும் கலக்கிக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள். எல்லைக்கு இருபுறமும் அதே எண்தான். ஈஸ்ட் வகைப் புரோபயாடிக்கான சாக்கரோமைசஸ் பவுலார்டியை, நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தைக்கோ இரத்தக் குழாய்க்குள் மருந்துக் குழாய் பொருத்திய குழந்தைக்கோ கொடுக்கவே கூடாது.

9. ஆறு மாதத்துக்குப் பின்

இணை உணவு தொடங்கியதும் வீட்டுத் தயிரில் குழைத்த சாதத்தை இரண்டு கரண்டி கொடுத்துப் பழக்கலாம். பாலாகக் குடிப்பதற்குப் பசும்பால் ஒரு வயதுக்குப் பிறகே. புரோபயாடிக் சேர்த்தது என்று எழுதிய தானிய மாவு டப்பாவுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பால்மாவையும் உணவையும் விளம்பரம் செய்வதோ மாதிரிப் பொட்டலம் கொடுப்பதோ 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பேறுகால அறையில் யாராவது கையில் திணித்தால் வாங்காதீர்கள்.

10. மிச்சம் வைத்த பெட்டிகள்

குளிரில் இருக்கவேண்டியது வெளியே ஒரு நாள் கிடந்தால் குப்பைதான். திறக்காத பெட்டியும் ரசீதும் இருந்தால், ஒரு வாரத்துக்குள் போனால் சில கடைகள் மாற்றிக் கொடுக்கும். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். என் தங்கைக்கு வருகிற மாதம் கட்டுச்சோறு. நான் வாங்கி மிச்சம் வைத்த சாஷேக்கள் அலமாரியில் இருப்பதை அம்மா அவளிடம் சொல்லிவிட்டார். நேற்று எடுத்துப் பார்த்தேன். தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பெட்டியின் பின்பக்கத்தை மட்டும் கிழித்துக் கோப்பில் வைத்துவிட்டு, மீதியைக் குப்பையில் போட்டேன்.